கணுக்காலுக்கு மேல் உடைந்த ரிபியா: எக்ஸ்ரேயை விடத் தோலைப் பாருங்கள்

கட்டடச் சாரத்திலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவர் குதிக்கால் ஊன்றி இறங்கினால், கணுக்காலின் தாலஸ் என்பு உலக்கை போல மேலே இடித்து, அதன் மேலுள்ள ரிபியாவின் (கீழ்க்காலின் பெரிய என்பு) மூட்டுப் பரப்பைப் பிளந்துவிடும். கால் பிரண்டு வரும் சாதாரண கணுக்கால் முறிவோடு இதைக் குழப்பக் கூடாது. உயரத்திலிருந்து விழுந்தவரென்றால் மற்றக் குதிகால், இடுப்பு, முதுகெலும்பையும் பார்த்துவிடுங்கள்.

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வருபவர் சிலருக்கு மூலிகைப் பத்தும் மூங்கில் சிம்பும் இறுகக் கட்டியிருக்கும். முதல் வேலை அதை முழுவதுமாக வெட்டி எடுப்பது. வீங்கும் காலை இறுக்கினால் கொப்புளம் வரும், இரத்த ஓட்டமும் கெடும். பாதத்தின் மேல்நாடி, உட்கணுக்குப் பின்நாடி, உள்ளங்கால் உணர்வு மூன்றையும் எழுதி வையுங்கள். பாதம் திரும்பித் தோல் வெளுத்து இழுபட்டிருந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்க வேண்டாம்: வலிமருந்து கொடுத்து, நேராக இழுத்து நிமிர்த்தி, நாடியைத் திரும்பப் பாருங்கள். பிறகு தாராளமாகப் பஞ்சு சுற்றி, பாதத்தை 90 பாகையில் வைத்து, பின்பக்கச் சிலப் (ஒரு பக்கத்தை மட்டும் தாங்கும் பிளாஸ்டர் பட்டை) மட்டும் போடுங்கள். முழுப் பிளாஸ்டர் இப்போது ஆபத்து.

புண் திறந்திருந்தால் சேலைனில் நனைத்த துணியால் மூடி, ஏற்பு ஊசியும், ஒரு மணி நேரத்துக்குள் செபசோலின் 2 கிராம் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியும் (ஒவ்வாமை கேட்டுவிட்டு) கொடுக்க வேண்டும். கால்விரலை நீட்டினாலே தாங்க முடியாத வலி என்றால் தசையறை அழுத்தம் (உறைக்குள் அடைபட்ட தசைகளின் அழுத்தம்) ஏறுகிறது. நாடி கிடைக்கிறதென்று ஏமாறாதீர்கள். டயஸ்டொலிக் (கீழ்) இரத்த அழுத்தத்துக்கும் தசையறை அழுத்தத்துக்கும் இடைவெளி 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் உடனே தசையுறையைத் திறக்க வேண்டும்.

வகைப்படுத்த முன்பக்க, பக்கவாட்டு, மோட்டிஸ் (பாதத்தைச் சற்று உள்ளே திருப்பி எடுப்பது) எக்ஸ்ரேக்கள் எடுங்கள். ரிபியாவின் கீழ் முனையின் அகலத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒன்றை வரையுங்கள்; முறிவின் மையம் அதற்குள் விழுந்தால் ஏ.ஓ. முறையில் (முறிவுகளுக்கு எண்ணும் எழுத்தும் இடும் சர்வதேச வகைப்பாடு) எண் 43. மூட்டுக்குள் போகாதது ஏ. மூட்டின் ஒரு பகுதி உடைந்து, மீதி தண்டோடு (என்பின் நீண்ட நடுப்பகுதி) நிற்பது பி. மூட்டுப் பரப்பு தண்டிலிருந்து முற்றாகப் பிரிந்தது சி. அதில் மூட்டே நொறுங்கியது சி3. ரூடி–ஆல்கோவரின் 1969 முறை இன்னும் எளிது: விலகாத பிளவு முதல் வகை, விலகியது இரண்டு, நொறுங்கியது மூன்று. பிபுலா (ரிபியாவுக்குப் பக்கத்து மெல்லிய என்பு) முழுதாக இருப்பதால் முறிவு லேசானது என்று நினைக்க வேண்டாம்.

விலகாத ஏ வகைக்குப் பிளாஸ்டரும் வாராந்த எக்ஸ்ரேயும் போதும். விலகியதற்கு ஆணி அல்லது தகடு. பி வகைக்குத் தாங்குதகடு (துண்டு சரியாமல் முட்டுக்கொடுக்கும் தகடு). கவனமெல்லாம் சி வகைக்குத்தான். வீங்கிய தோலை அன்றே வெட்டித் தகடு வைத்தால் புண் பிரியும், சீழ் பிடிக்கும். ஆகவே முதலில் வெளிச்சட்டம் (என்பில் ஏற்றிய ஆணிகளைக் காலுக்கு வெளியே இணைக்கும் சட்டம்): ரிபியாத் தண்டில் 5 மி.மீ. ஆணி இரண்டு, பிறகு தகடு வரப்போகும் இடத்தைவிட்டுத் தள்ளியே. குதியென்பில் உட்பக்கமிருந்து குறுக்கே ஒன்று. இழுத்து நீளத்தை மீட்டபின் எடுக்கும் சி.ரி. ஸ்கானில்தான் துண்டுகள் தெளிவாகத் தெரியும். அதற்கு முன் எடுப்பது பெரும்பாலும் வீண். நோயாளியை வேறு வைத்தியசாலைக்கு அனுப்பப் போகிறீர்களென்றால் பிபுலாவைத் தொடாதீர்கள். தவறான இடத்து வெட்டு, அடுத்த நிபுணரின் பாதையை அடைத்துவிடும்.

காலை உயர்த்தி வைத்துக் காத்திருங்கள். சாதாரணமாக 10–14 நாள், சிலருக்கு மூன்று வாரம். தோலில் சுருக்கம் விழ வேண்டும், கொப்புளங்கள் ஆறியிருக்க வேண்டும். இரத்தக் கொப்புளம் தெளிந்த நீர்க் கொப்புளத்தைவிட ஆழமானது. அதன் மேல் வெட்டவே கூடாது. பின்பு சத்திரசிகிச்சை, ரூடி–ஆல்கோவரின் பழைய ஒழுங்கில்: பிபுலாவின் நீளம், மூட்டுப் பரப்பு, பள்ளத்துக்கு என்பு ஒட்டு, தாங்குதகடு.

சி வகைக்குப் பொதுவாக 10–12 வாரம் காலில் பாரம் ஏற்றக் கூடாது. புண் ஆறியதும் கணுக்காலை அசைக்கத் தொடங்கலாம். சிகரெட்டும் கட்டுப்படாத நீரிழிவும் என்பு பொருந்துவதையும் தோல் ஆறுவதையும் கெடுக்கும். மூட்டு நேராகப் பொருந்தினாலும் பின்னாளில் தேய்வு வரக்கூடும் என்பதைச் சத்திரசிகிச்சைச் சம்மதம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.