காரில் சைக்கிள் ரேக் மாட்டும் முன்

ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் பட்டை போட்டுக் கட்டும் ரேக்தான் விலை குறைவு. வேலை முடிந்ததும் மடித்து வைத்துவிடலாம். ஆனால் வாங்கும் முன் உங்கள் காரின் பின்கதவைப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் (இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்) இருந்தால் பட்டை இறுகும்போது அதில் விரிசல் விழலாம். கொக்கிகள் தகட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டும், கண்ணாடியை அல்ல.

கூரை ரேக்கில் டிக்கி தாராளமாகத் திறக்கும். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், மால் பார்க்கிங்கில் நுழையும்போது மேலே சைக்கிள் இருப்பதை மறந்தீர்களோ, சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு!

டிக்கி ரேக் என்றால், கனமான சைக்கிளைக் காரை ஒட்டி முதலில் மாட்டுங்கள். பெடல் பெயின்ட்டைச் சுரண்டாமல் இருக்க ஒரு பழைய துண்டைச் செருகுங்கள். முன்சக்கரம் ஆடும், ஃபிரேமோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். டயர் சைலன்சர் வாய்க்கு நேரே வரவே கூடாது, சூட்டில் பாழாகிவிடும். குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் என்றால் தனியாக ஓர் அடாப்டர் கம்பி தேவைப்படும். மிச்சப் பட்டையை முடிந்து ஒதுக்காவிட்டால் வழியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே வரும்.

நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பி 10, 15 கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, பட்டைகளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். புதுப் பட்டை என்றால் பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.