குழந்தைப் பாதுகாப்புத் தரவுகள்: எங்கே தவறுகிறோம்?

ஆபத்தில் இருக்கும் குழந்தைகளின் விவரங்களைப் பதிவு செய்வதில், தவறு பெரும்பாலும் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. நிதி தருபவர் ஒரு கேள்வி கேட்கிறார், தலைமை அலுவலகம் இரண்டு சேர்க்கிறது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொருவர் பெற்றோரின் நோய் விவரம் வரை சேர்த்துவிடுகிறார். அதை நிரப்பப்போகிறவர், பயம் தெளியாத ஒரு குழந்தையின் எதிரே உட்கார்ந்திருக்கும் கேஸ் வொர்க்கர், அதாவது அந்தக் குழந்தைக்கான உதவிகளைக் கவனிக்கும் களப் பணியாளர். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்குப் பதில் தெரிந்தால், இந்தக் குழந்தைக்கு நாம் செய்யப்போவதில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அந்தக் கட்டம் வேண்டாம். நிதி தருபவருக்குத் தேவை எண்ணிக்கை. அதற்காகக் குழந்தையின் கதையைத் தோண்ட வேண்டியதில்லை.

இதைவிடக் கொடுமை, நடந்ததை ஒரே குழந்தையிடம் மூன்று பேர் மூன்று முறை சொல்ல வைப்பது. மருத்துவமனை ஒரு முறை, காவல்துறை ஒரு முறை, தொண்டு நிறுவனம் ஒரு முறை. யார் எதைப் பதிவு செய்வது, யாருக்கு எந்த அளவு தருவது என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

அப்புறம் பிறந்த தேதி. தேதி தெரியாத குழந்தைக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது எங்கும் நடக்கிறது. காலியாக விட்டால் மென்பொருள் சேமிக்க விடாது, கேஸ் வொர்க்கர் என்ன செய்வார்? ஆனால் உண்மையில் ஆண்டின் கடைசியில் பிறந்து இன்னும் 17 முடியாத பிள்ளை அடுத்த ஜனவரி 1 அன்று கணினியில் 18 ஆகி, சிறார் சேவைகளின் பட்டியலிலிருந்து நழுவிவிடக்கூடும். உத்தேச வயது என்று தனிக் கட்டம் வையுங்கள். அந்த வயதை யார் சொன்னது என்றும் குறியுங்கள். 'தெரியாது' என்று பதிய வழியில்லாத படிவம் பொய்யைத்தான் சேகரிக்கும்.

குறிப்பு எழுதுவதிலும் இதே கவனம் வேண்டும். 'தாய் அலட்சியமானவர்' என்பது ஒருவரின் அபிப்பிராயம். 'மாலை 6 மணிக்குப் போனபோது குழந்தை தனியாக இருந்தது, கதவு வெளியே பூட்டியிருந்தது' என்பது கண்ணால் கண்டது. முதல் வாக்கியம் கோப்போடு கோப்பாகப் பல வருடம் அந்தக் குடும்பத்தைத் துரத்தும். அது சரியா தவறா என்று பின்னால் வருகிறவரால் சோதிக்கவே முடியாது.

சம்மதத்தை வெறும் கையெழுத்தாக நினைப்பது இன்னொரு தவறு. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு குழந்தையின் கருத்துக்கு இடம் தருகிறது, 16ஆம் பிரிவு தனியுரிமையைக் காக்கிறது. எதை எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொன்னாலும் உதவி கிடைக்குமா என்பதைக் குழந்தைக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, புகார் செய்வது சட்டப்படி கட்டாயமாக இருந்தாலோ அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. அந்த விதிவிலக்கைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் மென்பொருளைத்தான் நினைக்கிறார்கள். கேஸ் விவரங்களைப் பதிவு செய்ய யுனிசெஃப் முன்னெடுத்த பிரைமிரோ போன்ற திறந்த மூல மென்பொருளில், கேஸ் வொர்க்கர் தன் கேஸ்களை மட்டும் பார்க்கும்படி அனுமதியைப் பிரித்து வைக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அதிலிருந்து எக்செல் கோப்பை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் எந்தப் பூட்டும் உதவாது. பெயர், ஊர், நடந்தது என்ன என்று மூன்றும் உள்ள அந்தக் கோப்பு இப்போது குழுவில் இருக்கும் ஒவ்வொருவரின் சொந்தப் போனிலும் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களின் பூட்டும் உடைந்திருக்கிறது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவியிருப்பது 2022 ஜனவரியில் தெரியவந்தது. குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என 5,15,000-க்கும் அதிகமானோரின் விவரங்கள் அதில் இருந்தன. ஊடுருவல் நடந்தது 2021 நவம்பரில். உரிய நேரத்தில் சரிசெய்யப்படாத ஒரு மென்பொருள் ஓட்டை வழியாகத்தான் நுழைந்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அப்டேட் என்று திரையில் வரும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிவிடும் பழக்கத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

'பெயரை நீக்கிவிட்டோம், இனி வெளியிடலாம்' என்பதையும் நம்பாதீர்கள். ஒரு சிற்றூரின் பெயர், 13 வயது, சக்கர நாற்காலி, நடந்த மாதம்: இவ்வளவு போதும், அந்த ஊரில் எல்லோருக்கும் அது யாரென்று தெரிந்துவிடும். அறிக்கைகளில் ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கையை மறைப்பது, வயதை 10–14 என்று வரம்பாகத் தருவது, ஊருக்குப் பதில் மாவட்டத்தைக் குறிப்பது ஆகியவை குறைந்தபட்ச எச்சரிக்கை.

எண்களை வாசிப்பதில் நேரும் தவறும் சிறியதல்ல. பதிவான புகார்கள் கூடினால் வன்முறை கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. புதிதாக ஒரு உதவி எண் வந்திருக்கலாம், மக்களுக்கு நம்பிக்கை வந்திருக்கலாம். மறுபக்கம், 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அமெரிக்கா உட்படப் பல இடங்களில் புகார்கள் சரிந்தன. குழந்தைகள் பத்திரமாகிவிட்டார்கள் என்று யாரும் மகிழ முடியவில்லை. தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர்களின் கண்ணிலிருந்து அவர்கள் மறைந்திருந்தார்கள், அவ்வளவுதான். 'புகார்கள் குறைந்தன' என்ற வரியை 'வெற்றி' என்ற தலைப்பின் கீழ் எழுதுவதற்கு முன், களத்தில் இருப்பவர்களிடம் காரணம் கேளுங்கள்.

கேஸ் முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதை ஏறக்குறைய யாருமே திட்டமிடுவதில்லை. வேலையை விட்டுப் போனவரின் லாகின் ஆறு மாதம் கழித்தும் வேலை செய்யும். திட்டத்துக்கான நிதி நின்றுவிடும், அலுவலகத்தைக் காலி செய்வார்கள், லேப்டாப்கள் கைமாறும், அலமாரியில் இருந்த ஃபைல்கள் பழைய பேப்பரோடு போய்விடும். எந்தக் கோப்பை எத்தனை வருடம் வைப்பது, பிறகு யார் அழிப்பது, நிறுவனம் மூடப்பட்டால் யாரிடம் ஒப்படைப்பது: திட்டம் தொடங்கும் நாளிலேயே இதை எழுதி, பொறுப்பாளரின் பெயரையும் போட்டுவையுங்கள். ஒருவர் வேலையை விடும் கடைசி நாளன்று, அவரிடம் சாவியை வாங்கும்போதே லாகினையும் நிறுத்திவிடுங்கள்.