பழைய இண்டர்காமைக் கழற்றாமலே ஐபி போன் இணைப்பது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் கொண்ட பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி (அலுவலகத்துக்குள் போன்களை இணைக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச்). முதலாளி அறை, கணக்கு, கேட், ஐஸ் பிளாண்ட் என்று ஆறு இடத்தில் சாதாரண போன். ஜெட்டியில் இருக்கும் எடைக் கொட்டகைக்கும் இராமேஸ்வரம் கிளைக்கும் போன் வேண்டும் என்றார்கள். அவ்வளவு தூரம் போன் ஒயர் இழுக்க வழியில்லை. "அப்போ பழைய பெட்டியைத் தூக்கிடணுமா?" என்று முதலாளி கேட்டார். வேண்டாம். நன்றாக ஓடுகிற பெட்டியை ஏன் தூக்க வேண்டும்? அதையும் ஐபி போன்களையும் (கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் போன்கள்) ஒன்றோடொன்று பேச வைத்தால் போதும்.

இந்த வேலைக்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. போன் அரை நாள் நின்றாலும் யாருக்கும் வியாபாரம் கெடாது.

தேவையான பொருட்கள்: 2 எஃப்எக்ஸ்ஓ போர்ட் (துளை) உள்ள ஒரு கேட்வே (பழைய போன் லைனையும் நெட்வொர்க்கையும் இணைக்கும் பெட்டி), ஆஸ்டரிஸ்க் போட்ட ஒரு சின்ன கம்ப்யூட்டர் (இதுதான் சர்வர்), பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே போனுக்கு மின்சாரமும் தருவது), ஐபி போன்கள். ஆஸ்டரிஸ்க் என்பது மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய, கம்ப்யூட்டரையே போன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கும் இலவச மென்பொருள். சின்ன அலுவலகத்துக்கு இது தாராளம்.

முதல் வேலை, எந்தத் துளை தருகிறது, எந்தத் துளை வாங்குகிறது என்று பார்ப்பது. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். டயல் டோனும் மணி அடிக்கும் மின்சாரமும் தருகிற துளைக்கு எஃப்எக்ஸ்எஸ் என்று பெயர். அவற்றை வாங்கிக்கொள்ளும் துளை எஃப்எக்ஸ்ஓ. உங்கள் மேசை போன் வாங்குகிற பக்கம். பெட்டியின் எக்ஸ்டென்ஷன் துளை தருகிற பக்கம். ஒன்று தர, மற்றது வாங்க வேண்டும். இரண்டும் தருகிற துளையாக இருந்தால் போன் பேசாது, போர்ட்டும் கெட்டுப்போகலாம். சந்தேகம் வந்தால் ஒரு சாதாரண போனைச் செருகிப் பாருங்கள். டோன் கேட்டால் அது தருகிற துளை. அதில் கேட்வேயின் எஃப்எக்ஸ்ஓவைத்தான் செருக வேண்டும். பல கேட்வேக்களில் எஃப்எக்ஸ்ஓவுக்கு 'லைன்' என்றும் எஃப்எக்ஸ்எஸ்ஸுக்கு 'போன்' என்றும் எழுதியிருக்கும்.

எங்கள் பெட்டியில் 27, 28 எண் எக்ஸ்டென்ஷன் இரண்டும் சும்மா இருந்தன. அவற்றைக் கேட்வேக்குக் கொடுத்தோம். இரண்டு போர்ட் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேச்சுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 27 பிஸி என்றால் 28-க்குத் தாவும்படி பெட்டியில் ஹண்டிங் வையுங்கள். இந்த இரண்டு எக்ஸ்டென்ஷனிலும் 0 அழுத்தி வெளி லைன் எடுக்கும் வசதியை மூடிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் வாங்கி உள்ளூர் லைனில் திருப்பி விடுவது இங்கே குற்றம்; அந்த வழியே திறந்திருக்க வேண்டாம்.

அடுத்து எண்கள். கேட்வேக்கும் சர்வருக்கும் மாறாத ஐபி முகவரி கொடுங்கள். ஐபி போன்களுக்கு 301, 302 என்று வையுங்கள். 2-இல் தொடங்கும் இரண்டு இலக்க எண் வந்தால் கேட்வேக்கு அனுப்பு என்று சர்வரில் எழுதுங்கள். கேட்வே லைனை எடுத்ததும் ஒரு நொடி பொறுத்து எண்ணை அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பெட்டி முதல் இலக்கத்தை விழுங்கிவிடும், 24 வெறும் 4 ஆகிவிடும்.

எதிர்ப்பக்கம் கொஞ்சம் சுற்று வழி. பழைய போனில் 27 அழுத்தினால் சர்வர் எடுத்து இரண்டாவது டோன் தரும், அப்புறம் 301 அழுத்த வேண்டும். இரண்டு நாளில் எல்லோருக்கும் கை பழகிவிடும்.

சரி, இனி எனக்கு அதிகம் தொல்லை கொடுத்த விஷயம். ஐபி போனை வைத்தால் கேட்வே உடனே லைனை விட்டுவிடும். பழைய போனை வைத்தால் அப்படி இல்லை. பெட்டி எங்கேஜ் டோன் மட்டும்தான் போடும். மனிதர் என்றால் அதைக் கேட்டு ரிசீவரை வைத்துவிடுவார், கேட்வேக்கு நாம்தான் கற்றுத்தர வேண்டும். முதன்முதலில் நான் இதைக் கவனிக்காமல் விட்டேன். சாயங்காலம் பேசிய இரண்டு கால் இரவு முழுக்க அறுபடாமல் கிடந்தன. விடியற்காலையில் எடைக் கொட்டகையிலிருந்து அழைத்தபோது இரண்டு லைனும் பிஸி. அன்று ஐஸ் கேட்டு ஒருவர் ஜெட்டியிலிருந்து நடந்தே வந்தார். இந்தியாவின் பொது எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலி, 0.75 நொடி அமைதி. கேட்வேயில் இதைப் போட்டுப் பாருங்கள். அறுபடவில்லை என்றால் உங்கள் பெட்டி வேறு மாதிரி டோன் போடுகிறது. அதைப் பதிவு செய்து அளந்து அந்த அளவைக் கொடுங்கள். பேச்சு முடிந்தும் விடாமல் இருந்தால் அறுக்க, ஒரு மணி நேர உச்ச வரம்பும் வையுங்கள்.

கோடெக்குக்கு (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஜி.711 ஏ-லா போதும். குரலோடு சேர்ந்து போகும் முகவரித் தகவலையும் (தலைப்புச் சுமை) சேர்த்து ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் ஆகும். இராமேஸ்வரம் கிளையை விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் சேருங்கள். ஐபி போன்கள் சர்வரோடு பேசும் 5060 என்ற நெட்வொர்க் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் சீக்கிரமே கதவைத் தட்டும்.

நம் கரைக்கென்று சில கவலைகள் உண்டு. ஈத்தர்நெட் செம்பு கேபிள் 100 மீட்டர்தான். ஜெட்டிக்கு ஃபைபர் போடுங்கள். ஐப்பசி கார்த்திகை இடியின் மின்சாரம் ஃபைபரில் ஏறி வராது என்பது அதைவிடப் பெரிய காரணம். எக்ஸ்டென்ஷன் ஒயர்களுக்கு சர்ஜ் மாட்யூலும், அதற்கு ஒழுங்கான எர்த்தும் வேண்டும். உப்புக்காற்றில் ஜாக்கின் பித்தளை பச்சை பூத்துவிடும், கரகரப்பு அங்கிருந்துதான் வரும். கொட்டகையில் மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

ஐஸ் பிளாண்ட் போனை மட்டும் ஐபிக்கு மாற்றாதீர்கள். அங்கே அம்மோனியா ஓடுகிறது. கசிவு வரும் நேரத்தில் சுவிட்ச் நின்றிருந்தால் என்ன செய்வது? அந்த 24-ஆம் எண் போன் பழைய ஒயரிலேயே இருக்கட்டும், 112-ஐ அழைக்க நேரடி லைன் போன் ஒன்றும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணையுங்கள். பழைய பெட்டி, கேட்வே, சர்வர், பிஓஇ சுவிட்ச், கொட்டகை முனையில் இருக்கும் ஃபைபர் பெட்டி எல்லாம் யுபிஎஸ்ஸில் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, 24-இலிருந்து கொட்டகையின் 301-ஐ அழைத்துப் பேசுங்கள். பிறகு யுபிஎஸ்ஸையும் அணைத்து, நேரடி லைனில் டோன் வருகிறதா என்று ரிசீவரை எடுத்துக் கேளுங்கள்.