லோத்ரெக் போஸ்டரை எங்கிருந்து பார்ப்பது?

முகத்தை விடுங்கள், காலில் தொடங்குங்கள். பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக், பாரிஸ் நடன அரங்கான ‘மூலான் ரூஜ்’-க்காக 1891-இல் வரைந்த போஸ்டரில் நான் முதலில் தேடுவது ஆட்டக்காரி லா கூலுவின் சிவப்புக் காலுறையைத்தான். அதைச் சுற்றிச் சுழலும் வெள்ளை உள்பாவாடையை உற்றுப் பாருங்கள்: மை பூசாத வெறும் காகிதம், மேலே சில கோடுகள், அவ்வளவே. என்ன துணிச்சல்!

அப்புறம் பின்னால் நிற்கும் கூட்டம். மொத்தமும் கறுப்பு நிழல். ஜப்பானிய மர அச்சுப் படங்களிடம் கற்றது. முன்னால் சாம்பல் நிறத்தில் நிற்பவர் லா கூலுவின் ஆட்டக் கூட்டாளி, ‘எலும்பில்லாத’ வாலந்தேன்.

சரி, இப்போது நாலடி பின்னால் போங்கள். சுவரில் ஒட்டியதை நடந்துபோகிறவர் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை பெரிதாக அச்சடித்தார்கள்.

அடுத்து, ஜான் அவ்ரில் என்ற ஆட்டக்காரிக்காக லோத்ரெக் 1893-இல் வரைந்த போஸ்டர். வாத்தியக்காரர் பிடித்திருக்கும் டபுள் பாஸ் என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தின் கழுத்திலிருந்து விரலை ஓட்டுங்கள். அந்தக் கோடே வளைந்துபோய்ப் படத்தின் சட்டமாகிவிடும்.