முழு விடை வரவில்லையா? சின்ன சப்டாஸ்க்கை முதலில் எழுதுங்கள்

கோடிங் ஒலிம்பியாடுக்குத் தயாராகும் மாணவிகளே, கேள்வியைப் படித்ததும் முழு விடைக்காக மண்டையை உடைக்காதீர்கள். சப்டாஸ்க்குகளில் (கேள்வியின் தனிப் புள்ளியுள்ள பகுதிகள்) உள்ளீட்டு வரம்பு மிகச் சிறியதாக உள்ளதற்கு நேரடியான கோடு எழுதி முதலில் அனுப்பிவிடுங்கள்.

2021-இல் தொடங்கிய ஐரோப்பியப் பெண்கள் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் 100 புள்ளி; அது சப்டாஸ்க்குகளாகப் பிரிந்திருக்கும். உள்ளீட்டின் அளவான N 1,000க்குள் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் போதும். மொத்தம் பத்து லட்சம் படிகள்தான், சி++ ஒரு நொடிக்குள் முடித்துவிடும். N 2 லட்சமானால் அதே கோடுக்கு 4,000 கோடி படிகள். அங்கே வேறு வழி வேண்டும். சரி, அப்போது அந்தச் சின்ன கோடு வீணா? இல்லை. வேகமான கோடு எழுதிய பிறகு, இரண்டுக்கும் ஒரே சிறு உள்ளீடுகளைக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டால் பிழை சட்டென்று மாட்டும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

ஐசிபிசி (கல்லூரி மாணவர் அணிகளுக்கான சர்வதேச கோடிங் போட்டி) பாணிப் போட்டிகளில் இப்படிச் சின்ன கோடை அனுப்பாதீர்கள். அங்கே எல்லா டெஸ்ட்டும் தேறினால்தான் கணக்கு. பிறகு அதே கேள்வியைத் தீர்த்தாலும், முன்பு தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் 20 நிமிடம் அபராதம்.