636701: தருமபுரி பின்கோடைப் பகாக்காரணிகளாகப் பிரிப்போம்

தருமபுரி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636701. கால்குலேட்டரைத் தொடாமல், தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பகாக்காரணிகளாகப் பிரித்துவிடலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

முதலில் சுலபமானவற்றைப் பார்த்துவிடுவோம். கடைசி இலக்கம் 1. அதனால் 2, 5 வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் 23, 3-உம் வகுக்காது.

அடுத்து 7, 11, 13. இவற்றால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துத்தான் பலரும் சலித்துப்போகிறார்கள். மூன்றையும் ஒரே கழித்தலில் சோதிக்கலாம். 7×11×13 = 1001. நம் எண்ணில் 636 ஆயிரங்களும் 701-உம் இருக்கின்றன. ஒவ்வொரு ஆயிரத்தையும் 1001 என்று வைத்துக்கொண்டால் மொத்தத்தில் 636 கூடிவிடும். அதை 701-இல் கழித்துவிட வேண்டும். 701 − 636 = 65. இந்த மூன்றில் எது 65-ஐ வகுக்கிறதோ அதுதான் முழு எண்ணையும் வகுக்கும். 65 = 5×13. ஆக, 13 மாட்டிக்கொண்டது. 7-உம் 11-உம் இல்லை. வகுத்தால் 48977.

இப்போது 17. கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, அதற்கு முன்னால் உள்ள எண்ணிலிருந்து கழியுங்கள். 4897 − 35 = 4862. திரும்பவும்: 486 − 10 = 476. இன்னொரு முறை: 47 − 30 = 17. வகுபடும். 48977 ÷ 17 = 2881.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா காட்டிய வழி இது. 2881-ஐவிடச் சற்றே பெரிய வர்க்க எண் 54×54 = 2916. அதில் 2881-ஐக் கழித்தால் 35. இது வர்க்க எண் இல்லை. அடுத்து 55×55 = 3025. கழித்தால் 144, அதாவது 12×12! எனவே 2881 = (55 − 12)×(55 + 12) = 43×67. இரண்டும் பகா எண்கள். காரணிகள் இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் இந்த வழி இப்படிச் சட்டென்று பலன் தரும். தள்ளித்தள்ளி இருந்தால் இழுத்தடிக்கும்.

636701 = 13×17×43×67.

இது தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே வரும். நான்கு பகா எண்களும் வேறுவேறு என்பதால் வகுத்திகள் 2×2×2×2 = 16. அவற்றின் கூடுதல் 14×18×44×68 = 753984. எண்ணை நீக்கினால் 117283. எண்ணைவிடக் குறைவு, எனவே இது குறை எண். இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியுமா? முடியாது. 43-ஐயும் 67-ஐயும் 4-ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றைப்படை முறை வந்தாலே வழி அடைபட்டுவிடும்.

2004-இல் தருமபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த கிருஷ்ணகிரியின் பின்கோடு 635001. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 1700. பொதுக் காரணி எதுவானாலும் 1700-ஐயும் வகுத்தாக வேண்டும். 1700-இன் பகாக்காரணிகள் 2, 5, 17 மட்டுமே. 2-உம் 5-உம் ஏற்கெனவே கழிந்துவிட்டன. மிஞ்சுவது 17. அது 636701-ஐ வகுக்கிறது, 1700-ஐயும் வகுக்கிறது. அப்படியானால் 635001-ஐயும் வகுக்கும். வகுத்தால் 37353, அதாவது 3×12451.

12451 பகா எண்தானா என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள். 113×113 = 12769 என்பதால் 109 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும்.