மண்நீரில் செப்பு யாரோடு ஒட்டியிருக்கிறது?

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடி மிளகாய்ச் சாடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்துவிட்டேன். சாடி மண்ணில் செப்பு சேர்ந்திருக்கும்தான். ஆனால் வேருக்கு எவ்வளவு கெடுதி என்பதை மொத்தச் செப்பு சொல்லாது. நஞ்சாவது பெரும்பாலும் எதோடும் ஒட்டாமல் தனியே திரியும் செப்பு அயன் (மின்னேற்றம் கொண்ட செப்பு அணு). மண்நீரில் கரைந்த செப்பின் பெரும்பங்கு சேதனப் பொருளின் (உக்கிய இலைதழையின்) காபொட்சில், பீனோல் எனும் அணுக் கூட்டங்களைப் பற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே கரைந்த மொத்தச் செப்பு, தனியே திரியும் செப்பு இரண்டையும் அளந்து பாருங்கள். 10 கிராம் மண்ணை 100 மி.லீ. 0.01 மோலார் சோடியம் நைத்திரேற்றுக் கரைசலில் இரண்டு மணிநேரம் குலுக்குங்கள். குளோரைட்டு உப்பு வேண்டாம், அது தனிச் செப்பு அயனை அளக்கும் செப்பு மின்வாயைக் குழப்பும். பிறகு 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து இரு போத்தல்களில் பிரித்து ஊற்றுங்கள்.

ஒன்றில் சில துளி நைத்திரிக்கமிலம் விட்டு, அணு உறிஞ்சல் மானியில் 324.8 நானோமீற்றர் அலைநீளத்தில் கரைந்த மொத்தச் செப்பைப் பாருங்கள். மற்றதில் அமிலம் படவே கூடாது! நான் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் இரண்டிலும் விட்டேன். ஒருநாள் வேலை வீண். அமிலத்தில் ஐதரசன் அயன்கள் அந்தக் கூட்டங்களில் குந்திக்கொண்டு செப்பைத் துரத்திவிடும்.

அமிலம் விடாத போத்தலின் பீ.எச். பெறுமானத்தைக் குறித்துவிட்டு மின்வாயை வையுங்கள். எண் ஊசலாடுவது நிற்கும்வரை பொறுங்கள். தேநீர் குடிக்க நேரமிருக்கும். கரைந்த மொத்தத்திலிருந்து மின்வாய் மூலம் கிடைத்த தனிச் செப்பின் செறிவைக் கழித்தால் வருவதில் பெரும்பகுதி சேதனம் பிடித்து வைத்திருக்கும் செப்பு.